மரத்தில் சுற்றிய தண்டவாளம்

குதிரைப்படை வந்து இறங்கியபோது ஸில்பா பீன்ஸ் பானைக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். காலை ஏழு மணி இருக்கும். தென்பக்கத்துச் சோளக்காட்டைப் பிளந்துகொண்டு அறுபது குதிரைகள் வந்தன. சோளம் முற்றி நின்றது. காட்டை ஒட்டியே நல்ல வண்டிப்பாதை ஒன்று இருந்தது. அதில் வந்தால் பார்க்க எடுப்பாக இருக்காது என்று நினைத்திருப்பார்கள்.

ரயில் பாதையில் வேலை செய்துகொண்டிருந்த கேங்கில் பதினொரு பேர். எல்லோரும் கறுப்பர்கள். ஏதாவது ஒரு பருத்தித் தோட்டத்திலிருந்து தப்பி ஓடிவந்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறைத் தெற்கோடு மோதிய வடக்குப் படையிடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர்களில் முதல் ஆள் ஐசம். அவன் மனைவி ஸில்பா எல்லோருக்கும் சமைத்தாள், துவைத்தாள். மேற்பார்வைக்கு டில்வொர்த் என்று வெள்ளைக்கார மேஸ்திரி ஒருவர் இருந்தார். முதல் துப்பாக்கிச் சத்தத்திலேயே அவர் வடபக்கத்துச் சோளக்காட்டுக்குள் புகுந்துவிட்டார். தொப்பியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அவரிடம் அவ்வளவு வேகம் இருந்தது அன்றைக்குத்தான் கேங்குக்குத் தெரிந்தது.

டென்னசியின் அந்த ஒற்றைப் பாதையில்தான் ஜார்ஜியாவில் நின்ற வடக்குப் படைக்கு ரொட்டியும் பன்றிக்கறியும் வெடிமருந்தும் போயின. அதனால் தெற்கின் குதிரைக்காரர்கள் மாதம் ஒருமுறை வந்து அதைப் பிடுங்கினார்கள். ஐசமும் ஆட்களும் திரும்பப் போட்டார்கள். பிடுங்கியவர்களின் பெயர் செய்தித்தாளில் வந்தது.

தலைமை தாங்கி வந்த கேப்டன் வான்கோழி இறகு செருகிய தொப்பியும் இடுப்பில் மஞ்சள் பட்டுத்துணியும் அணிந்திருந்தான். அவன் குதிரையிலிருந்து இறங்கிக் கையுறையை விரல் விரலாகக் கழற்றியபோது ஸில்பாவுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. பிரெஸ்டன் லாசிட்டர். அவன் மாமா வீட்டில் அவள் ஆறு கோடைகாலம் அவனுடைய சட்டைகளுக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்திருக்கிறாள். அவன் அவளை நேராகப் பார்த்தான். பானையைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தான். அடையாளம் தெரியவில்லை. தேய்த்தவளை அவன் எப்போது பார்த்தான், தெரிவதற்கு?

அவனுடைய சார்ஜன்ட்டின் பெயர் பக்கெட். குட்டையான ஆள், வெயிலில் வெந்த முகம். அவன் எதையும் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கவில்லை. இறங்கியதும் ஒருவனை அனுப்பித் தந்திக் கம்பியை வெட்டச் சொன்னான். பிறகு சேணத்திலிருந்து புதுச் சணல் கயிறு ஒரு சுருளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். கேங்கைப் பார்த்து, வேலை முடிந்ததும் எல்லோரும் ஒரே கயிற்றில் கட்டுண்டு தெற்கே நடக்கவேண்டும் என்று அறிவித்தான். சொந்தக்காரன் இருப்பவர்கள் சொந்தக்காரனிடம் போவார்கள். மற்றவர்கள் அலபாமாவில் ஏலத்துக்கு. சமையல்காரியும்தான். அவன் அதைக் கோபமில்லாமல், மாடுகளைப் பிரிப்பதுபோலச் சொன்னான்.

ஐசம் கையிலிருந்த சம்மட்டியைத் தரையில் ஊன்றினான். அவன் முன்பு ஒருமுறை ஓடிப் பிடிபட்டுத் திரும்பக் கொண்டுபோகப்பட்டவன். அந்த நாட்களைப் பற்றி அவன் சொன்னதே கிடையாது. இருட்டில் அவன் முதுகுத் தழும்புகளில் கை படும்போது ஸில்பாவுக்குத் தெரியும்.

வடக்கே நான்கு மைலில், ஆற்றுப் பாலத்தருகே, வடக்குப் படையின் மரக்கோட்டை ஒன்று இருந்தது. அதில் ஓஹையோ மாநிலத்துச் சிப்பாய்கள் நாற்பது பேர். சீட்டாடுவார்கள், வீட்டுக்குக் கடிதம் எழுதுவார்கள். அவர்களைப் பற்றி ஸில்பாவுக்குப் பெரிய அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. ஆனால் வேறு யாரும் இல்லை. கம்பி வெட்டப்பட்டுவிட்டதால் அவர்களுக்குச் சேதி போகாது. பதினோரு மணிக்கு ரொட்டி ரயில் அந்தக் கோட்டையில் வந்து நிற்கும். காவலுக்கு அதிலும் சிப்பாய்கள் வருவார்கள். அதுவரை இந்தக் குதிரைகள் இங்கேயே நிற்கவேண்டும். பதினோரு மணிக்கு நான்கு மணி நேரம் இருந்தது.

சார்ஜன்ட் பக்கெட் அரை மணி நேரத்தில் முடித்துவிடப் பார்த்தான். எட்டிய தூரத்தில் ஓடையின் மேல் மரப்பாலம் இருந்தது. டர்பன்டைன் எண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டு எட்டு மணிக்குள் கிளம்பிவிடலாம் என்றான். பாலம் போனால் திரும்பக் கட்ட ஐந்து நாளாவது ஆகும். அறுபது பேரில் இருந்த ஒரே மூளை அவனுடையது. அதுவும் கேப்டனிடம் இல்லாமல் சார்ஜன்ட்டிடம் இருந்ததால் வீணாகிக்கொண்டிருந்தது.

கேப்டன் சரி என்று தலையாட்டினான். ஸில்பா கரண்டியைப் பானையில் தட்டினாள். கேங்கில் மூத்தவனான கிரீன் பக்கத்தில் நின்றான். அவனிடம் சொல்வதுபோல, ஆனால் பத்தடிக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"பாலத்தோட விட்டுருவாங்க, கிரீன். வடக்குப் படை யாங்கிக்காரன் ஜார்ஜியாவுல தண்டவாளத்தைப் பழுக்கக் காய்ச்சி மரத்துல சுத்துறானே, அது இவங்களுக்குத் தெரியாது."

கிரீனுக்கு எதையும் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்லை. "அதுக்குப் பழக்கம் வேணும்ல," என்றான். "எல்லாருக்கும் வந்துருமா?"

கேப்டன் திரும்பினான். "ஏய், என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்ல தொரை. மரத்துல சுத்தின தண்டவாளத்தைத் திரும்ப நிமுத்தவே முடியாதாம். வெட்டித்தான் எடுக்கணுமாம். யாங்கிக்காரன் ஒரு சுத்து சுத்துறானாம். பத்திரிகையில படமே போட்டிருக்காங்கன்னு மேஸ்திரி சொன்னாரு."

அவ்வளவும் உண்மை. லாசிட்டரிடம் பொய் சொல்லத் தேவையே இருந்ததில்லை. ஒரு வருஷம் அவனுடைய சித்தப்பா மகன் மார்பில் பன்னிரண்டு மடிப்பு வைத்த சட்டை போட்டு வந்தான். மறுநாள் இவன் பதினான்கு கேட்டான். பதினான்கு மடிப்புத் தேய்க்க ஒரு சட்டைக்கு ஒன்றரை மணி நேரம். ஆகஸ்ட் மாதம், அடுப்பருகே. அந்தச் சட்டையை அவன் ஒரு சாப்பாட்டு வேளை போட்டுவிட்டு அழுக்கில் எறிந்தான்.

"ஒரு சுத்தா?" என்றான் கேப்டன். "நாம ரெண்டு சுத்துவோம்."

பக்கெட் அருகே வந்து தணிந்த குரலில் நேரம் போதாது என்றான். பாலம்தான் முக்கியம் என்றான். வேண்டுமானால் பாலத்தைக் கொளுத்திவிட்டு அப்புறம் சுற்றலாம் என்றான். அதுகூட நல்ல யோசனைதான். ஆனால் பாலம் எரிந்தால் புகையில் தண்டவாளம் சரியாகத் தெரியாது, கடைசியில் கொளுத்திக்கொள்ளலாம் என்று கேப்டன் முடிவு செய்தான். பக்கெட் இன்னொரு முறை வாயைத் திறந்தபோது, "உங்க அப்பா கோவேறு கழுதை வித்தவருதானே, பக்கெட்?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டான். பக்கெட் கடப்பாரைகளை எடுக்கப் போனான்.

வேலை ஆரம்பித்தது. அதாவது, ஐசமும் ஆட்களும் வேலையை ஆரம்பித்தார்கள்.

படை விதிப்படி நான்கு குதிரைக்கு ஒருவன் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும், மற்ற மூன்று பேர் இறங்கி வேலை செய்யவேண்டும். ஆனால் தெற்குப் படையில் குதிரை அவனவனுடைய சொந்தச் சொத்து. போன தாக்குதலில் யாரோ ஒருவன் நொண்டிக் குதிரையைக் கொடுத்துவிட்டு நல்ல குதிரையை ஓட்டிப்போயிருந்தான். அதிலிருந்து யாரும் தன் கடிவாளத்தை அடுத்தவன் கையில் கொடுப்பதில்லை. நாற்பது பேர் நாற்பது கடிவாளங்களை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். வடபக்கம் காவலுக்குப் போன இருவர் அங்கே ஆப்பிள் தோட்டம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். குதிரையைப் புதர்களில் கட்டிவிட்டு வந்த மீதிப் பேரிடம் பக்கெட் கடப்பாரையை நீட்டினான். அவர்கள் கடப்பாரையைப் பார்த்தார்கள், பிறகு கேங்கைப் பார்த்தார்கள். தான் சண்டைபோடச் சேர்ந்தவன் என்று ஒருவன் விளக்கினான். அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. அவன் உள்ளங்கை ஸில்பா பிசைந்த மாவைவிட மிருதுவாக இருந்திருக்கும்.

ஆணிகளைப் பிடுங்கித் தண்டவாளங்களைக் கழற்றினார்கள். அடியிலிருந்த சிலீப்பர் கட்டைகளைப் பெயர்த்துக் கூண்டுபோல அடுக்கினார்கள். மேலே தண்டவாளங்களைக் குறுக்கே வைத்துத் தீ மூட்டினார்கள்.

தீ வரவில்லை. புகை வந்தது.

பழைய கட்டைகளைப் போன மாதம் வந்த வேறொரு குதிரைக் கூட்டம் எரித்துவிட்டிருந்தது. இவை பத்து நாள் முன்பு வெட்டிப் போட்ட ஓக். பச்சை. கோடரி பட்ட இடத்தில் இன்னும் ஈரம் இருந்தது. அடுப்பில் விறகு வைத்துப் பழகிய யாருக்கும் தெரியும், பச்சை ஓக் முதலில் தன் தண்ணீரை எல்லாம் கொதிக்கவைத்துத் தீர்த்துவிட்டுத்தான் எரிய சம்மதிக்கும். கட்டைகளின் முனைகளில் நுரை கட்டிச் சீறியது. வெள்ளைப் புகை தடித்த தூணாக நேரே மேலே ஏறியது. காற்றே இல்லை. செப்டம்பர் வானம் பளிச்சென்று இருந்தது.

அறுபது பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிரமாதமாக இருக்கிறது என்று ஒருவன் சொன்னான்.

ஐசம் பானையருகே தண்ணீர் குடிக்க வந்தான். புகையை ஒரு முறை பார்த்துவிட்டுக் குவளையை வாயில் வைத்தபடியே கேட்டான்.

"ஓஹையோக்காரன் பார்ப்பானா?"

"கண்ணு இருந்தா பார்ப்பான்."

"பார்த்துட்டு வருவானா?"

"காப்பி குடிச்சிட்டு வருவான். நீ நிதானமா பண்ணு."

"நிதானமாத்தான் பண்றோம்," என்றான் ஐசம். "இதைவிட நிதானமா பண்ணா விழுந்துருவோம்."

பக்கெட்டுக்கு அந்தப் புகை பிடிக்கவில்லை. அவன் கட்டையை உதைத்துப் பார்த்தான், நகத்தால் கீறிப் பார்த்தான், பச்சை என்று தெரிந்துகொண்டான். நூறு கஜத்தில் ஒரு பண்ணை வேலி இருந்தது. வருஷக்கணக்காக வெயிலில் காய்ந்த தேவதாரு. அதைப் பிடுங்கிப் போட்டால் இருபது நிமிஷத்தில் தண்டவாளம் பழுத்துவிடும். அவன் நான்கு பேரை அனுப்பினான். அந்த வேலியைக் குதிரைக்காரர்கள் வந்ததிலிருந்து ஸில்பா பார்க்காமலே இருக்க முயன்றுகொண்டிருந்தாள்.

அவர்கள் வேலியைத் தொடுவதற்குள் அந்தப் பண்ணை விதவை திருமதி ஹார்டிமன் கறுப்பு உடையில் வாசலுக்கு வந்து கைக்குட்டையை ஆட்டினாள். கேப்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடினான். திரும்பி வந்து பக்கெட்டை எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டான். மகனைப் போரில் பறிகொடுத்த சீமாட்டியின் வேலியில் கை வைப்பதா, நாம் என்ன யாங்கிகளா என்று கேட்டான். அந்த அம்மாளின் மகன் நாஷ்வில்லில் வடக்குப் படைக்குக் கோதுமை விற்றுக்கொண்டிருந்தான். மூன்று மாதமாக அந்த வீட்டு உப்பும் காப்பியும் அங்கிருந்துதான் வந்தன. கேங்குக்கே தெரியும். கேப்டனுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த அம்மாள் காலைச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். கேப்டன் இடுப்புத் துணியைச் சரிசெய்துகொண்டு போனான். அப்போது எட்டரை.

மற்றவர்கள் பானையைக் கண்டுபிடித்தார்கள். கேங்குக்கு என்று வைத்த பீன்ஸை ஒரு கரண்டி மிச்சமில்லாமல் தின்றார்கள். ஒல்லியான ஒருவன் முதல் வாயை வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டான். "உப்பு," என்றான். தெற்கே உப்பு கிடைக்காமல் இரண்டு வருஷம் ஆகிறது, அவன் அம்மா புகையறைத் தரை மண்ணைக் கரைத்துக் காய்ச்சி எடுக்கிறாள் என்று சொன்னான். ஒரு நிமிஷம் ஸில்பா அவனுடைய கழுத்தெலும்பைப் பார்த்தாள். பிறகு அவன் கரண்டியை அவள் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனில் துடைத்துவிட்டுத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவள் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

பக்கெட் மட்டும் சாப்பிடவில்லை. அவன் வந்து அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். தோளில் கயிறு அப்படியே இருந்தது.

"நீ வேணும்னே சொன்னே."

"நான் பொய் சொன்னேனா, சார்ஜன்ட் தொரை?"

"இல்ல. அதான் எனக்கு உறுத்துது." அவன் புகையைப் பார்த்தான். "கேப்டனை முன்னாடியே தெரியுமா உனக்கு?"

"சட்டை தேய்ச்சிருக்கேன்."

பக்கெட் கேப்டன் போன வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். சிரிக்கப்போகிறான் என்று தோன்றியது. சிரிக்கவில்லை. எழுந்து, "கிளம்பும்போது முதல் முடிச்சு உனக்குத்தான்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

கேப்டன் பத்து மணிக்குத் திரும்பினான். மீசையில் பீச் ஜாம் இருந்தது. யாரும் சொல்லவில்லை. அதற்குள் பச்சைக் கட்டைகள் வற்றிக் கனலத் தொடங்கியிருந்தன. தண்டவாளத்தின் நடுப்பகுதி முதலில் நாவல்பழ நிறத்துக்கு வந்தது. அதிலிருந்து இரத்தச் சிவப்புக்கு வர இன்னும் நேரம் எடுத்தது.

எந்த மரத்தில் சுற்றுவது என்பது அடுத்த கேள்வி. பாதையோரம் எல்லோர் கண்ணிலும் படும்படி நின்ற பெரிய ஓக்கைக் கேப்டன் தேர்ந்தெடுத்தான். இரண்டு பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம். எட்டு ஆட்கள், நான்கு நான்காக, குளிர்ந்திருந்த இரு முனைகளையும் இடுக்கியாலும் ஈரச் சாக்காலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். தண்டவாளம் இருபத்துநான்கு அடி, அதில் பழுத்திருந்தது நடுவில் ஆறு அடி. அந்த ஆறு அடி மரத்தின் ஒரு பக்கத்தைத் தழுவியது. மீதி முனைகள் இரண்டு பக்கமும் நேராக நீட்டிக்கொண்டு நின்றன. ஓக் மரம் கக்கத்தில் எதையோ வைத்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

"இது சுத்தா?" என்றான் கேப்டன்.

"மரம் பெருசு, தொரை," என்றான் ஐசம். "சின்ன மரமா பாருங்க. ரெண்டு சுத்து வேணும்னா தீயை நீளமா பரப்பணும். இரும்பு இன்னும் ஒரு மணி நேரம் வேகணும்."

அதுவும் உண்மை. பக்கெட் கடிகாரம் இல்லாத தன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தான். பிறகு சூரியனைப் பார்த்தான். போதும் கேப்டன், பாலத்தைக் கொளுத்திவிட்டுப் போய்விடலாம் என்று கிட்டத்தட்டக் கெஞ்சினான். கேப்டன் ஒரு சின்ன ஹிக்கரி மரத்தைச் சுற்றி வந்து உயரம் பார்த்துக்கொண்டிருந்தான். புகைப்படக்காரன் ஒருவனை அழைத்து வந்திருக்கலாம் என்று வருத்தப்பட்டான்.

தீயைப் பரப்பினார்கள். இரண்டாவது தண்டவாளம் வேகத் தொடங்கியது. ஸில்பா காலிப் பானையைத் தேய்த்தாள். ஏற்கெனவே தேய்த்திருந்தாள், மறுபடியும் தேய்த்தாள். பதினோரு மணி ஆகிவிட்டது என்று நிழல் சொன்னது. வடக்கே ஒரு சத்தமும் இல்லை. ஓஹையோக்காரர்கள் புகையைப் பார்த்து யாரோ களை எரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டால்? நினைக்கக்கூடியவர்கள்தான். அவள் இன்னும் ஒரு பிடி சாம்பல் அள்ளினாள். பானையை மூன்றாவது தடவையாகத் தேய்த்தாள்.

தண்டவாளம் பாதி நீளத்துக்குச் செர்ரிப்பழம்போலச் சிவந்தது. ஐசம் முன்முனையைப் பிடித்தான். கிரீன் பின்முனையில். எட்டுப் பேரும் சேர்ந்து தூக்கினார்கள். தீயிலிருந்து நான்கு அடி வந்திருப்பார்கள்.

வடக்கே எஞ்சின் ஊதியது.

கேப்டன், "அது என்ன?" என்று கேட்டான். ரயில் பாதையில் நின்றுகொண்டு கேட்டான்.

பக்கெட் கேட்கவில்லை. "ஏறுங்கடா," என்று கத்திக்கொண்டே கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கேங்கை நோக்கி ஓடிவந்தான். பாலம் தப்பினாலும் தப்பட்டும், பன்னிரண்டு பேரையாவது கொண்டுபோவோம் என்பது அவன் கணக்கு. எஞ்சின் வளைவைத் தாண்டி வர ஐந்து நிமிஷம் ஆகும். ஆட்களை முடிச்சில் மாட்ட ஐந்து நிமிஷம் போதும். எட்டுப் பேரின் கைகள் இரும்பில் மாட்டியிருந்தன. அவர்கள் அதைக் கீழே போட்டுவிட்டு நின்றால் கயிறு கழுத்துக்கு வந்துவிடும். ஐசம் ஸில்பாவைப் பார்த்தான்.

"கீழ போடாதீங்க," என்றாள் அவள். "நடங்க."

எந்தப் பக்கம் என்று அவள் சொல்லவில்லை. ஐசம் முன்முனையைக் குதிரைகளின் பக்கம் திருப்பினான்.

நாற்பது குதிரைகள், நாற்பது கடிவாளங்கள், நாற்பது மணிக்கட்டுகள். பன்னிரண்டு அடி நீளத்துக்குச் சிவந்த இரும்பு பக்கவாட்டில் அவற்றை நோக்கி நடந்து வந்தது. முன்னால் காற்று நடுங்கியது. புல் தானாகக் கருகியது. முதல் குதிரை காதைப் பின்னுக்கு மடித்தது. அடுத்தது பின்கால்களில் எழுந்தது. அதன் பிறகு எது முதல், எது அடுத்தது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. நான்கு குதிரைக்கு ஒருவன் பிடித்திருந்தால் கையை விட்டுத் தப்பித்திருப்பான். இவர்கள் தங்கள் சொத்தைக் கையோடு கட்டியிருந்தார்கள். சொத்து அவர்களைச் சோளக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டு ஓடியது. சண்டைபோடச் சேர்ந்த பையன் வயிற்றில் படுத்தபடி போனான். கேப்டன் ஒரு காலைச் சேணத்து மிதிவளையத்தில் வைத்திருந்தான். மறு காலால் தரையில் நொண்டிக்கொண்டே, தெற்கே, வந்ததைவிட வேகமாகப் போனான். இறகுத் தொப்பி தீயருகே விழுந்தது. புதர்களில் கட்டியிருந்த குதிரைகளும் அறுத்துக்கொண்டு ஓட, மீதிப் பேர் அவற்றின் பின்னால் ஓடினார்கள்.

பக்கெட் கயிற்றுடன் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் தனியாக நின்றான். அவன் குதிரை மட்டும் ஓடவில்லை. அவன் அதைத் தூரத்தில் ஒரு வேலிக்காலில் கட்டியிருந்தான். எட்டுப் பேரும் திரும்பினார்கள். மற்ற மூவர் சம்மட்டியை எடுத்திருந்தார்கள். அவன் அவர்களைப் பார்த்தான், கைத்துப்பாக்கியைத் தொட்டான், வளைவைப் பார்த்தான். பிறகு கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, ஓடாமல், நடந்துபோய்க் குதிரையில் ஏறினான். போனதே அவன் அன்றைக்குச் செய்ய முடிந்த ஒரே உருப்படியான காரியம்.

"இப்ப போடலாமா?" என்று கேட்டான் கிரீன். "கை வேகுது."

போட்டார்கள்.

எஞ்சின் ஒரு திறந்த பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது. அதில் ஓஹையோக்காரர்களும் அவர்களுடைய கண்ணாடி போட்ட லெப்டினன்ட்டும் இருந்தார்கள். எட்டரை மணிக்கே புகையைப் பார்த்தார்களாம். அது என்னவென்று விவாதித்தார்களாம். பிறகு ரொட்டி ரயிலோடு சேர்ந்து வருவதே நல்லது என்று முடிவு செய்தார்களாம். சிப்பாய்கள் காலியாக இருந்த சோளக்காட்டை நோக்கி இரண்டு முறை சுட்டார்கள். லெப்டினன்ட் குறிப்பேட்டைத் திறந்து எதிரியில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று ஐசமிடம் கேட்டார்.

"விழுந்தவங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க," என்றான் ஐசம்.

அவர் 'கடுமையான மோதல்' என்று எழுதினார். வடபக்கத்துச் சோளக்காட்டிலிருந்து மேஸ்திரி டில்வொர்த் வெளியே வந்தார். தலையெல்லாம் சோளநார். யாருடைய உத்தரவின் பேரில் தண்டவாளத்தைக் கழற்றினீர்கள் என்று முதல் வேலையாகக் கேட்டார்.

ஒன்பது தண்டவாளங்கள் போயிருந்தன. பெட்டியில் மாற்றுத் தண்டவாளங்களும் கட்டைகளும் இருந்தன. நாலு மணிக்குப் பாதை தயார். ரொட்டி ரயில் மரப்பாலத்தின் மேல் ஆடி ஆடிப் போயிற்று. அப்போதுதான் ஸில்பா ஆட்களை எண்ணினாள். பதினொன்று. மறுபடியும் எண்ணினாள். பதினொன்று. பிறகு, மத்தியானமும் சாப்பிடாதவர்களுக்காக, அடுப்பை மூட்டினாள். இந்த முறை விதவையின் வேலியிலிருந்து இரண்டு கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். காய்ந்த தேவதாரு உடனே பற்றிக்கொண்டது.

இரண்டு வாரம் கழித்து, கைமாறி வந்த தெற்குச் செய்தித்தாள் ஒன்றை மேஸ்திரி வாசித்துக் காட்டினார். வீரக் கேப்டன் லாசிட்டர் இரண்டு மைல் பாதையை அழித்து, எதிரியின் உணவை ஒரு வாரம் நிறுத்தியதாகப் போட்டிருந்தது. கிரீன் இரண்டு மைலையும் தேடப் போவதாகச் சொல்லி எழுந்தான். மேஸ்திரி, வடக்குத் தாளில் லெப்டினன்ட்டின் பெயரும் வந்திருப்பதாகச் சொன்னார்.

ஸில்பா தலை நிமிரவில்லை. ஓக்கில் மாட்டியிருந்த தண்டவாளத்தின் நீட்டிய முனைக்கும் ஹிக்கரிக்கும் நடுவே அவள் அந்தப் புதுச் சணல் கயிற்றைக் கட்டியிருந்தாள். நல்ல கயிறு, தொய்யவே இல்லை. பதினொரு சட்டைகளை ஒவ்வொன்றாக உதறி அதில் போட்டாள். எதிலும் மடிப்பு கிடையாது.